விளக்கு எரிந்த பின் எவ்வளவு தூரம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தபோது, சரக்கு வண்டி ஓட்டும் நம் பங்கு வாலிபர் ஒருவர் அருகில் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க சாமி, டீசல் குறைஞ்சு லைட் எரிஞ்சதுக்கப்புறமும் வண்டிய ஓட்டறது பாவமுங்களா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மனச்சாட்சியோடு கேட்கப்பட்ட கேள்விக்குச் சிரிப்புப் பதிலாகாது. ஆகவே இந்த வாரம் அவருக்கும், அவரைப் போன்ற எல்லோருக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

மெக்கானிக் சொல்லும் பதிலை முதலில் பார்ப்போம். 2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் என்ற சிறு வண்டி வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு மஞ்சள் மூட்டையும், வாழைத்தாரும், பட்டுக்கூடும், கலியாணப் பந்தல் சாமானும் அந்த மாதிரி வண்டிகளிலேதான் போகின்றன. இவற்றின் டாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. டீசல் இறங்க இறங்க மிதவையும் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு எரியும். அதற்குப் பிறகும் டாங்கியில் சில லிட்டர் மிச்சம் இருக்கும். இதையே ரிசர்வ் என்கிறோம்.

அந்த மிச்சம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? இதற்கு ஒரே பதில் கிடையாது. நாலு லிட்டர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். சமமான சாலையில் காலி வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால் 72 கிலோமீட்டர் போகலாம். அதே வண்டி முழுச் சுமையோடு மலையேறும்போது லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், அதே நாலு லிட்டர் 28 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். இதுவும் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஏற்றத்தில் வண்டி சாயும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும். அப்போது டாங்கியில் கொஞ்சம் இருந்தும் குழாய் காற்றை உறிஞ்சக் கூடும். டீசல் வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், டீசலை ஊற்றினவுடனே வண்டி கிளம்பிவிடாது. காற்றை வெளியேற்றிய பின்புதான் கிளம்பும். போதாததற்கு, டாங்கியின் அடியில் தங்கியிருக்கும் தூசியும் தண்ணீரும் அந்தக் கடைசி லிட்டர்களோடு கலந்து உள்ளே போகும்.

நம்மூரிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு இது வெறும் கணக்கல்ல. கோபியிலிருந்து சத்தியமங்கலம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வயலும் வாய்க்காலுமாக, கடைகளும் ஆட்களும் நிறைந்த சாலை. அங்கே வண்டி நின்றால் அவமானம் உண்டு, ஆபத்து அதிகமில்லை. பண்ணாரி தாண்டினதும் நிலைமை வேறு. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. யானைகள் சாலையைக் கடந்து போகிற இடம். வனவிலங்குகளைக் காக்கும்பொருட்டு அந்தப் பாதையின் இரவுப் போக்குவரத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் கட்டுப்பாடு விதித்ததை வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு வளைவில் சுமைவண்டி ஒன்று நின்றுபோனால், மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் தாளவாடியிலிருந்து பிரசவ வேதனையோடு இறங்கிவரும் ஒரு தாயின் வண்டியும் இருக்கலாம்.

மெக்கானிக்கின் பதில் இங்கே முடிகிறது. மனச்சாட்சியின் கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்த நாலு லிட்டர் யாருக்குச் சொந்தம்? "என் காசு கொடுத்து வாங்கினேன், என்னுடையது" என்பீர்கள். காசு உம்முடையதுதான். ஆனால் ரிசர்வ் என்பது நீர் போக நினைத்த பிரயாணத்துக்காக ஒதுக்கப்பட்டதல்ல. நீர் நினையாத காரியத்துக்காக ஒதுக்கப்பட்டது. வழியில் பாலம் உடைந்து சுற்றிப் போக வேண்டியிருக்கலாம். அடிபட்டுக் கிடக்கும் ஒருவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கலாம். அந்த மிச்சத்தையும் சேர்த்துப் புறப்படும்போதே கணக்குப் போடுகிறவன், வரப்போகிற ஆபத்துக்கும் பிறனுக்கும் உரியதை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறான்.

இதற்கு ஒரு துக்கமான திருஷ்டாந்தம் உண்டு. 2016-ம் ஆண்டு நவம்பர் 28-ம் தேதி, பிரேசில் நாட்டுச் சாப்பெகோயென்சே கால்பந்து அணியினரை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து ஒரு விமானம் கொலம்பியாவின் மெதெயின் நகரத்துக்குப் புறப்பட்டது. பிரயாணத்துக்கு வேண்டிய நேரம் 4 மணி 22 நிமிஷம். எரிபொருள் தாங்கும் நேரமாகப் பிரயாணத் திட்டத்தில் எழுதியிருந்ததும் அதே 4 மணி 22 நிமிஷம். அதாவது, ஆபத்துக்கென்று ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. விமானங்கள் போக வேண்டிய இடத்துக்கான எரிபொருளோடு, அதற்கு மேலும் பறக்க ஒதுக்கு எரிபொருள் கொண்டுபோக வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள சட்டம். குறைவதை அறிந்த பிறகும் அவர்கள் வழியில் வேறு நிலையத்தில் இறங்கவில்லை. மெதெயினை நெருங்கியபோது வேறொரு விமானத்துக்கு முதலில் வழிவிட வேண்டியதாயிற்று. எதிர்பாராத அந்தச் சில நிமிஷத் தாமதத்தைத் தாங்க அதனிடம் ஒன்றுமில்லை. விமானம் மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் மாண்டார்கள். கணக்குப் போட்டவர்கள் சிலர். அந்தக் கணக்கை அறியாமல் நம்பி ஏறினவர்கள் மற்றவர்கள் எல்லோரும்.

"சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லுகிறவர்களும் நம்மில் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் செபமாலை தொங்குகிறது, அர்ச். கிறிஸ்தோப்பர் படம் ஒட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அர்ச். தோமாஸ் அக்கினாஸ் இதைப் பற்றித் தெளிவாகப் போதிக்கிறார். தன்னால் செய்யக்கூடியதைச் செய்யாமல், அவசியமும் இல்லாமல், தேவ உதவியை எதிர்பார்த்து ஆபத்தில் இறங்குகிறவன் சர்வேசுரனைச் சோதிக்கிறான் என்கிறார் அவர். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு சொன்னபோது நம் ஆண்டவர் அதை மறுத்ததற்குக் காரணம் இதுவே. படியிறங்கி வர வழியிருக்கும்போது குதிப்பது விசுவாசமல்ல. முன்யோசனையும், சுற்றும் பார்த்து நடத்தலும், எச்சரிக்கையும் விவேகம் என்னும் புண்ணியத்தின் பகுதிகள் என்றும் அதே வேதசாஸ்திரி கற்பிக்கிறார். அர்ச். கிறிஸ்தோப்பர் நமக்காக மன்றாடுவார். டாங்கியை நிரப்பும் வேலையை நம்மிடமே விட்டிருக்கிறார்.

இவ்வளவும் எழுதி முடித்து, பாவந்தான் என்று தீர்ப்புச் சொல்ல இருந்தேன். அதற்குள் புதன்கிழமை மாலை அந்த வாலிபரையே கடைவீதியில் சந்தித்தேன். "தம்பி, வண்டி எடுக்கும்போதே டீசல் போட்டுக்கொள்ள என்ன தடை?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் தீர்ப்பைப் பாதி மாற்றிவிட்டது. "காசு இருந்தா போடமாட்டனுங்களா சாமி? வாடகை கைக்கு வந்தாத்தானுங்க டீசல். லோடு இறக்கினதும் தர்றேம்பாங்க. இறக்கினதுக்கப்புறம் அடுத்த வாரம் வாம்பாங்க. முந்நூறு ரூபாய்க்குப் போட்டு, அது தீர்ந்தா இன்னொரு முந்நூறுங்க. எந்நேரமும் லைட் எரிஞ்சுக்கிட்டேதானுங்க ஓடுது."

கையில் குறைவாக இருப்பது வேறு. அசட்டையினால் குறைய விடுவது வேறு. எலியாஸ் தீர்க்கதரிசியின் காலத்தில் சரேப்தா ஊர் விதவையின் கலயத்தில் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருந்தன. அவளை யாராவது விவேகமில்லாதவள் என்று சொல்லத் துணிவார்களா? நம் காலத்திலேயும் பார்த்தோம். 2022-ல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றி, ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். அவர்கள் டாங்கி காலியானது அவர்கள் குற்றமா? இல்லாமை பாவமல்ல. இல்லாதவன் இருப்பதை வைத்துச் சிக்கனமாக ஓட்டி, மிச்சத்தைச் சர்வேசுரன் கையில் ஒப்புவிப்பது அவரைச் சோதிப்பதும் அல்ல. தன்னால் முடிந்ததை அவன் செய்துவிட்டான்.

அப்படியானால் எரிகிற விளக்குக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? வாடகையைப் பிடித்து வைத்திருக்கிறவன் பதில் சொல்ல வேண்டும். கூலிக்காரன் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டுக் கட்டளை. வேலையாளின் கூலியை வஞ்சிப்பது வானத்தை நோக்கி முறையிடும் நாலு பாவங்களில் ஒன்று என்று சிறுபிள்ளையாயிருக்கையில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அதைப் பெரிய முதலாளிகளுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டோம். நூறு ரூபாய் பேரம் பேசிக் குறைத்து, அந்த வாடகையையும் இரண்டு வாரம் இழுத்தடிக்கிறவர்கள் நாமே. ஒளிப்பானேன்? திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றிவந்த ஒருவருக்கு, "கோயில் காரியந்தானே, பொறுத்துக்கொள்வார்" என்று நானே ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுத்திருக்கிறேன். அந்த மாதம் அவர் எத்தனை நாள் விளக்கு எரிய ஓட்டினாரோ, நான் கேட்கவில்லை.

ஆகவே பதிலை இப்படிப் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது, கையில் பணமும் வழியில் பங்க்கும் இருந்தும், சோம்பலினாலோ வீம்பினாலோ விளக்கைச் சட்டை பண்ணாமல் ஓட்டுகிறவன் விவேகத்துக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறான். சமவெளியில், தனியாக, பட்டப்பகலில் என்றால் அது அற்பக் குற்றமாய் இருக்கலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டோ, மலைப்பாதையிலோ, ராக்காலத்திலோ அறிந்தே செய்தால், பிறர் உயிரைப் பற்றிய ஐந்தாம் கற்பனையை அது தொடுகிறது. இரண்டாவது, வறுமையினால் விளக்கோடு ஓடுகிறவனுக்குப் பாவமில்லை. ஆயினும் மலையேறும் சவாரியானால், "பாதி வாடகை முன்னால் கொடுங்க, டீசல் போடணும்" என்று துணிந்து கேட்பது அவன் கடமை. வெட்கப்பட்டுக்கொண்டு கேளாமல் பிறரை ஆபத்துக்கு உட்படுத்தக் கூடாது. மூன்றாவது, அவன் கேட்கும்வரை காத்திராமல், டீசலுக்கு வேண்டியதை முன்பணமாகவும், மீதியைச் சாமான் இறங்கின அன்றைக்கே முழுவதுமாகவும் கொடுப்பது வாடகைக்குப் பிடிக்கிற நம் கடமை. இது தர்மமல்ல, நீதி. நம் பங்குக் காரியங்களுக்கு இந்த வாரமுதல் இதுவே வழக்கமாயிருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. பத்துக் கன்னியர் உவமையில் புத்தியுள்ள ஐவர் தங்கள் எண்ணெயைப் பங்கிடாததைக் கண்டு சிலர் இடறலடைகிறார்கள். டீசலைக் கடன் வாங்கலாம். நடுவழியில் நிற்கிறவனுக்கு ஒரு லிட்டர் கொடுத்து உதவாதவன் கிறிஸ்தவனல்ல. ஆனால் ஆத்துமத்தின் தேவ இஷ்டப்பிரசாதத்தைக் கடைசி நிமிஷத்தில் அண்டைவீட்டாரிடம் கடன் வாங்க முடியாது. "இன்னும் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவனும் விளக்கு எரிய எரியத்தான் ஓட்டுகிறான். தன் டாங்கியில் எத்தனை லிட்டர் மிச்சம் என்பது அவனுக்குத் தெரியாது. எத்தனை வளைவு பாக்கி என்பதும் தெரியாது. வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிமுதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருப்பேன். கேள்வி கேட்ட தம்பிக்கு நன்றி. அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு இங்கே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.