நாத்திகமும் ஒரு மதமா?

'நாத்திகமும் ஒரு மதந்தானே!' என்று விசுவாசிகளுள் சிலர் வாதத்தில் வென்றுவிட்ட களிப்போடு சொல்வதுண்டு. கடவுள் இல்லை என்பதையும் எவரும் எண்பித்துக் காட்டியதில்லை. ஆகவே அதுவும் ஒரு நம்பிக்கை. நம்பிக்கையாயின் அதுவும் ஒரு மதமே என்பது அவர்களது தர்க்கம். நாத்திகரோ, உண்ணாதிருப்பதையும் ஓர் உணவு எனலாமா என்று திருப்பிக் கேட்கின்றனர். நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளும் இன்று இக்கேள்வியை எழுப்புவதால், இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

மதம் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளைப் பொறுத்தே விடையும் அமையும். கடவுள் நம்பிக்கை ஒன்றே மதம் எனின், படைப்பவராகிய கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் மதங்கள் ஆகா. நம் நாட்டில் அப்படி எவரும் சொல்லார். தமிழில் சமயம் என்ற சொல்லின் பொருள் இன்னும் விரிந்தது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகள் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவ்வரிசையில் சைவவாதியும் வைணவவாதியும் மட்டுமன்றிப் பூதவாதியும் நிற்கிறான். பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் எல்லாம் முடிந்தது, கண்ணால் கண்டதே உண்மை என்பவன் அவன். அவனையும் சமயவாதிகளுள் ஒருவனாகவே அக்காவியம் எண்ணுகிறது. ஆனால் அங்கே சமயம் என்பது ஒரு கொள்கை, வழிபாடன்று.

ஆகவே வெறும் மறுப்பு வழிபாட்டுக்குரிய மதமாகாது என்பதே நேர்மையான விடை. எனினும் மறுப்போடு மட்டும் மனிதன் நெடுநாள் நின்றுவிடுவதில்லை. 1793ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பிரெஞ்சுப் புரட்சியாளருள் ஒரு சாரார் பாரிஸ் நகரின் நோத்ர டாம் பேராலயத்தைப் பகுத்தறிவின் ஆலயமாக்கி, ஒரு பெண்ணைப் பகுத்தறிவுத் தேவியாக அமர்த்தி விழா எடுத்தனர். கடவுளை விலக்கிய தத்துவஞானி ஒகுஸ்த் கொம்த், 'மனித குலத்தின் மதம்' ஒன்றை வகுத்து, அதற்குக் குருக்களையும் சடங்குகளையும் ஏற்படுத்தினார். 1849இல் 13 மாதங்கள் கொண்ட நாட்காட்டி ஒன்றையும் வெளியிட்டார். புனிதர்களின் இடத்தில் உலகப் பெரியார்களின் பெயர்கள் அதில் இடம்பெற்றன.

அல்பேனியாவில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1967இல் அந்நாட்டு அரசு கோவில்களையும் பள்ளிவாசல்களையும் மூடியது. 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசு எந்த மதத்தையும் ஏற்காது என விதித்தது. நாத்திகம் அங்கே ஓர் அரச மதத்தின் அதிகாரத்தையே கையிலெடுத்தது. ஆயினும் 1990 நவம்பரில் ஷ்கோடர் நகரின் சேமக்காலையில் திருப்பலி மீண்டும் பகிரங்கமாக ஒப்புக்கொடுக்கப்பட்டபோது மக்கள் திரண்டு வந்தனர். கோவிலும் மறைக்கல்வியும் இல்லாத அந்த 23 ஆண்டுகளும் அவர்களது விசுவாசம் எங்கே உயிர்வாழ்ந்தது? இல்லங்களிலும் இதயங்களிலும் அன்றோ!

நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நாத்திகமும் ஒரு மதமே என்று காட்டிவிட்டால் நாம் பெறும் இலாபம் என்ன? அவனுக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி என்று நம் விசுவாசத்தையே நாம் சிறுமைப்படுத்தியவர்களாவோம். விசுவாசம் கடவுள் உண்டு என்ற கருத்தோடு முடிந்துவிடுவதில்லை. நம்மை அறிந்து அழைக்கும் ஒருவரிடம் நம்மைக் கையளிப்பதே விசுவாசம்.

கண்டதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியை நோக்கி மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று கேட்கிறாள். புனித அகுஸ்தீனும் தமது சுயசரிதையில் இதனையொத்த சிந்தனையை எழுதியுள்ளார்: தம் பெற்றோர் யார் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பினாரேயன்றித் தாமே கண்டறியவில்லை. இது கடவுள் உண்டு என்பதற்கு நிரூபணமாகாது. ஆயினும் நம்பிக்கை அறிவுக்குப் பகை அன்று என்பதையும், அன்பின் உறவுகளெல்லாம் நம்பிக்கையின்மேலே நிற்கின்றன என்பதையும் இது உணர்த்துகிறது.

அவ்வாறாயின், நம்பத்தக்க சாட்சிகளாக நாம் இருக்கின்றோமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்கு இருக்கக்கூடும் என்று ஒளிவுமறைவின்றிக் கூறியது. நம் வாழ்வின் குறைபாடுகளால் கடவுளின் உண்மை முகத்தை நாமே மறைத்துவிடுகின்றோம் என்றது. ஞாயிறு தோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லி, திங்களன்று நிறையைக் குறைத்து விற்பவனும், நற்கருணை வாங்கிய நாவினால் சீதனப் பேரம் பேசுபவனும், ஒரே பீடத்தை அணுகியபின் சாதி பார்த்துச் சம்பந்தம் மறுப்பவனும் எந்தக் கடவுளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்? வாயளவில் இவர்கள் ஆத்திகர். வாழ்வளவில் கடவுள் இல்லாதவர்கள்.

'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று ஒரு மகனோ மகளோ சொல்லும் வேளை பெற்றோருக்கு வேதனையான வேளைதான். அதட்டிக் கோவிலுக்கு அனுப்பலாம்; விசுவாசத்தை அனுப்ப முடியாது. விசுவாசம் சுதந்திரமான பதில் என்றும், எவரையும் அதற்கு வற்புறுத்தலாகாது என்றும் அதே சங்கம் போதித்துள்ளது. இளம் அகுஸ்தீன் வேறு கொள்கையைத் தழுவியபோது, தாய் மோனிக்கம்மாள் அவரோடு ஒரே பந்தியில் உண்ணவும் மறுத்தார். பின்னர் மனமிரங்கி ஏற்றுக்கொண்டார். மகனோடு வாதாடி வெல்லுமாறு ஓர் ஆயரை மன்றாடினார். ஆயரோ வாதத்துக்கு உடன்படாது, அவனை விட்டுவிடு, அவனுக்காகச் செபி என்றார். 387இல் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார்.

வாதத்தில் வெல்வது எளிது. நம் பிள்ளைகள் நம்முடைய வாழ்வைக் கண்டு, இவர்கள் நம்பும் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார் போலும் என்று எண்ணத்தக்கதாய் வாழ்வதே அரிது. அந்த அரிய பணிக்கே நாம் அழைக்கப்பட்டுள்ளோம்.