அரை நாள் விருந்தினர்

காணுதல் குற்றமாகுமா? இப்படியொரு வினா வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். உண்பவன் உணவைக் குறைக்கிறான்; உடுத்துபவன் துணியைத் தேய்க்கிறான். காண்பவனோ எதையும் எடுத்துக்கொள்வதில்லை. வந்த வெறுங்கையுடனே திரும்புகிறான். எனவே இன்பங்கள் அனைத்திலும் மாசற்றது காட்சியின்பமே என்று நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஏற்ற உரைகல் ஒன்று உண்டு. வெப்ப நாட்டுக் கடற்கரைகளுக்கு விடுமுறையில் செல்வோர்க்கு விற்கப்படும் அரை நாள் தீவுச் சுற்றுலாவே அது.

தாய்லாந்தின் தென்பகுதியில், அந்தமான் கடலில் உள்ள பீ பீ தீவுகளை எடுத்துக்கொள்வோம். மக்கள் வாழும் பெரிய தீவு பீ பீ டோன். அதன் தெற்கே, ஊரேதுமின்றிச் செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகளாய் எழுந்து நிற்பது பீ பீ லே. காலையில் பெரிய தீவிலிருந்து படகேறினால் நண்பகல் உணவுக்குத் திரும்பிவிடலாம். படகில் மிதவைச் சட்டையும், முகக்கண்ணாடியும், வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழலும், காலுக்கு ரப்பர்த் துடுப்பும் தருவார்கள். நீந்தத் தெரியாதவரும் கடலின் மேல் முகம் கவிழ்ந்து மிதக்கலாம். மறுநொடி வேறோர் உலகம் கண்முன் விரிகிறது. வரிமீன்களின் கூட்டமும், காளான்போல் குடைவிரித்த பவளமும், மணலில் ஆடும் ஒளிவலையும் காண்பவரைப் பேச்சற்றவராக்குகின்றன. இது போலி இன்பமன்று. ஆழ்கடலில் மூழ்கிய முத்துக்குளிப்போர் மட்டுமே ஒரு காலத்தில் கண்ட காட்சியை இன்று பள்ளிச் சிறுமியும் பாட்டியும் சேர்ந்து காண முடிகிறது. அதில் மகிழ்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் நாம் எதைக் காண்கிறோம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கல்லென்று நம் கண்ணுக்குத் தோன்றுவது வெறும் கல்லன்று. பவளம் ஓர் உயிரினம். மிகச் சிறிய மெல்லுடல்கள் ஆயிரமாயிரமாய் ஒன்றுகூடி, தமக்கென்று சுண்ணாம்பு வீடு கட்டி வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கதிரவன் ஒளியால் பாசி சமைக்கும் உணவில் பவளம் பங்குபெறுகிறது. பவளம் தரும் பாதுகாப்பில் பாசி வாழ்கிறது. கிளைவிடும் பவளங்கள் சற்று விரைந்து வளரும். உருண்டு திரண்ட வகைகளோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே பவளத்திட்டுகள் கொண்டிருக்கின்றன. எனினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றைச் சார்ந்திருக்கின்றன.

இத்தகைய வீட்டுக்குள் விருந்தினராய் நுழையும் நாம் என்ன செய்கிறோம்? முகக்கண்ணாடியில் நீர் புகுந்ததும் அஞ்சி, கால் ஊன்ற இடம் தேடுகிறோம். பாதம் பவளத்தின் மேல் படுகிறது. ரப்பர்த் துடுப்பு கிளப்பும் மணல் மெல்லுடல்களின் மேல் படிகிறது. தோல் கறுத்துவிடாமலிருக்கப் பூசிய களிம்பு நீரில் கரைகிறது. களிம்புகளில் கலந்துள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்தைப் பாதிப்பதாகக் கண்டு, தாய்லாந்து அரசு 2021இல் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் அவற்றைத் தடைசெய்தது. மீன்கள் அருகில் வரட்டும் என்று ரொட்டித் துண்டுகளை வீசுகிறோம்; பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம்விட வேண்டிய மீன், மேய்ச்சலை மறந்து படகைத் தேடி வருகிறது. படகோட்டி இறக்கும் நங்கூரமோ பல ஆண்டு வளர்ச்சியை ஒரே இழுப்பில் பெயர்த்துவிடக்கூடும். இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தோடு செய்யப்படுவதன்று. காண வேண்டும் என்ற ஆசையொன்றே காரணம்.

பீ பீ லே தீவின் மாயா விரிகுடா இதன் முடிவைத் தெளிவாகக் காட்டியது. குன்றுகள் சூழ்ந்த அந்தச் சிறிய வெண்மணற்கரை, 2000இல் வெளிவந்த 'தி பீச்' என்னும் ஹாலிவுட் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. மனிதர் கால்படாத சொர்க்கம் ஒன்றைத் தேடிச் செல்லும் இளைஞனைப் பற்றியது அப்படம். அதைக் கண்டோர் உலகின் நாற்றிசையிலிருந்தும் அக்கரையை நோக்கி வந்தனர். உச்ச நாள்களில் ஏறத்தாழ 5,000 பேர் வரை அங்கே இறங்கினர். காலை முதல் மாலை வரை படகுகள் வரிசை கட்டின. பவளம் பெருமளவில் அழிந்தது. 2018 ஜூன் 1 அன்று தாய்லாந்து அரசு விரிகுடாவை மூடியது. நான்கு மாதங்களுக்கென்று மூடப்பட்ட கதவு, நோய் ஆறவில்லை என்று கண்டதால், மூன்றரை ஆண்டுகள் திறக்கப்படவே இல்லை.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1999இல் படப்பிடிப்பு நடந்தபோது அக்கரை இருந்தபடியே போதுமானதாகத் தோன்றவில்லை. மணல்மேடுகள் வெட்டிச் சமன்செய்யப்பட்டன. இயல்பாக வளர்ந்திருந்த செடிகொடிகள் அகற்றப்பட்டு, தென்னைகள் கொண்டுவந்து நடப்பட்டன. சொர்க்கம் எப்படி இருக்க வேண்டும் என்று நம் மனத்தில் ஒரு படம் இருந்தது. உண்மைக் கரை அந்தப் படத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் நடந்தது. படப்பிடிப்புக் குழுவினரை மட்டும் நாம் குறைகூறுவது எளிது. ஆனால் விளம்பரத் தாளில் கண்ட நீலத்தை எதிர்பார்த்துச் சென்று, மேகமூட்டத்தால் கடல் சாம்பல் நிறமாய் இருந்ததென்று முகம் சுளிக்கும் பயணியும் அதே தவற்றின் சிறிய வடிவந்தான். அவர் கடலைக் காணச் செல்லவில்லை; தாம் முன்பே கண்ட படத்தைச் சரிபார்க்கச் செல்கிறார்.

இனி, மையமான வினாவுக்கு வருவோம். மாயா விரிகுடாவை அழித்தவர் யார்? வந்தவருள் எவரைப் பிடித்துக் கேட்டாலும், "என் ஒருவனால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார். அவர் சொல்வது பொய்யுமன்று. அவர் ஒருவர் வராதிருந்தால் அந்தப் பவளத்திட்டு பிழைத்திருக்காது. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளியைக் காணோம். மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வழி நாம் அறிவோம். அச்சை முறித்தது எந்த இறகு?

இங்கிலாந்தின் மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இதே புதிரை வேறொரு கற்பனையால் விளக்கினார். ஆயிரம் பேர் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள். வதைப்போரும் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்த, ஆயிரம் கருவிகளும் உணர முடியாத அளவுக்கு மட்டும் முடுக்கப்படுகின்றன. எந்த ஒருவரின் அழுத்தலாலும் எவருடைய வலியும் உணரத்தக்க அளவு கூடவில்லை. ஆயினும் முடிவில் ஆயிரம் பேரும் துடிக்கிறார்கள். அப்படியானால் தீங்கு செய்தவர் எவருமில்லை என்று கூறிவிடலாமா? கூறவியலாது என்பதே அவர் முடிவு. என் செயல் தனியே என்ன விளைவிக்கிறது என்று மட்டும் கேட்பது அறக்கணக்கில் ஒரு பிழை. நாம் சேர்ந்து செய்வது என்ன என்றும் கேட்க வேண்டும்.

இந்த விடை நமக்குச் சரியெனவே படுகிறது. கோயில் திருவிழாவில் தேர்வடத்தைத் தொட்டவர்கள் எல்லாரும், "நாம் தேர் இழுத்தோம்" என்று பெருமையோடு சொல்கிறோம். தம் ஒரு கையால் தேர் நகரவில்லை என்று அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. நன்மையில் 'நாம்' என்று உரிமை கொண்டாடிவிட்டு, தீமையில் மட்டும் 'நான் ஒருவன்' என்று ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது.

மறுப்புகள் எழும். அவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம்.

"நான் பணம் கொடுத்திருக்கிறேனே" என்பது முதல் மறுப்பு. கொடுத்தது உண்மை. ஆனால் எதற்காகக் கொடுத்தோம்? படகுக்கும் எரிபொருளுக்கும், உணவுக்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் கொடுத்தோம். பூங்கா நுழைவுக் கட்டணமும் காவலுக்கான பங்கே. பவளத்துக்கு விலை கொடுத்தவர் எவருமில்லை. அதை விற்கும் உரிமை படைத்தவரும் இல்லை.

"அந்த மக்களின் பிழைப்பு என்னாவது?" என்பது இரண்டாவது. இது முதலாவதைவிடக் கனமானது. விரிகுடா மூடப்பட்டபோது படகோட்டிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் வருமான இழப்பு ஏற்பட்டது. தொலைவிலிருந்து அறம் பேசுவோர் அவர்கள் வீட்டு அடுப்பை மறந்துவிடக் கூடாது. ஆயினும் பவளம் அழிந்த கடலுக்குப் பயணிகள் வரமாட்டார்கள். விதைநெல்லைச் சமைத்து உண்பது ஒருநாள் பசியைத்தான் ஆற்றும். நெறியோடு தொழில்புரியும் படகோட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதும், மலிவுக்கு மலிவு தேடி அவரை நெருக்காதிருப்பதும் நம் கடமை.

"கண்டால்தானே அன்பு பிறக்கும்?" என்பது மூன்றாவது. கண்டவுடன் அன்பு பிறந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதே அந்தமான் கடலின் சூரின் தீவுகளில் மோக்கன் என்னும் கடலோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களின் சிறுவர்கள் முகக்கண்ணாடி இன்றியே நீருக்கடியில் தெளிவாகக் காண்கிறார்கள். சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்கு நுட்பமாக அவர்கள் காண்பதை அறிவித்தது. கண்மணியைச் சுருக்கிப் பார்க்க அவர்கள் பழகியிருக்கிறார்கள். பின்னர் பயிற்சி பெற்ற ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் அத்திறன் கைகூடியது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியதைக் கண்ட சூரின் தீவு மோக்கன் மக்கள், மூத்தோர் சொல்லிவந்த கதைகளை நினைவுகூர்ந்து மேட்டுநிலம் ஏறித் தப்பினர். அதே நாளில் பீ பீ டோனிலும், நம் வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் அலை எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நாம் மறக்கவியலாது. காணுதல் என்பது பழகிப் பெறும் பண்பு. அரை நாளில் அது வாய்த்துவிடாது. அதற்கு ஒரு தொடக்கம் வேண்டுமானால் வாய்க்கலாம்.

நான்காவது மறுப்பும் உண்டு. கடல் வெப்பமடைவதே பவளத்தின் பெரும்பகை. சில நீச்சற்காரர்களைக் குறைகூறி என்ன பயன்? ஓரளவு உண்மைதான். நீர் மிகையாகச் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. உலகளாவிய நான்காவது பெரும் வெளுப்பு நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் இது நம்மை விடுவிக்கும் வாதமன்று. தொலைநாட்டிலிருந்து அக்கரைக்கு நம்மைச் சுமந்துசென்ற விமானத்தின் புகையும் அந்த வெப்பத்தில் ஒரு மயிலிறகு. காய்ச்சலில் கிடப்பவரைக் கண்டு, "நோய்தான் அவரை வருத்துகிறது, என் இரைச்சலன்று" என்று எவரும் அவர் கட்டிலருகே கூச்சலிடுவதில்லை.

2022 ஜனவரி 1 அன்று மாயா விரிகுடா மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது; தீவின் பின்புறத்தில் இறங்கி நடந்தே வர வேண்டும். ஒரே நேரத்தில் வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நீந்துவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கரை மூடப்படுகிறது. மனிதர் விலகியிருந்த காலத்தில், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமற்ற அந்த நீருக்குத் திரும்பி வந்தன. நடப்பட்ட பவளக் கன்றுகளும் வேர்கொள்ளத் தொடங்கின.

நிலத்துக்கும் ஏழாம் ஆண்டில் ஓய்வு வேண்டும் என்று லேவியர் நூல் விதித்ததை நாம் அறிவோம். உழவனின் உரிமைக்கு எல்லை வகுத்த அச்சட்டம், நிலத்துக்கும் தனக்கென்று ஓர் இருப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. கடலுக்கும் அது பொருந்தும் என்று கூறினால் மிகையாகாது. நாம் காணாதபோதும் பவளம் பூக்கிறது. நம் கண்ணுக்காக அது படைக்கப்படவில்லை என்று அறிவதில் ஒரு சிறு ஏமாற்றம் இருக்கலாம். சற்றே சிந்தித்தால் அதில் பெரியதோர் ஆறுதலும் உண்டு.

ஆகவே தொடக்க வினாவுக்கு விடை கூறுவோம். காணுதல் குற்றமன்று. ஆனால் விலை கொடுத்து வாங்கியவனாய்க் காண்பதற்கும் விருந்தினனாய்க் காண்பதற்கும் வேறுபாடு உண்டு. நல்ல விருந்தினர் நிற்க முடியாத இடத்தில் மிதந்துகொள்வார். களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை அணிவார். மீனுக்கு உணவு வீசமாட்டார். நங்கூரம் இறக்காமல் மிதவையில் கட்டும் படகைத் தேர்ந்தெடுப்பார். இறந்த சிப்பியைக்கூடப் பையில் போட்டுக்கொள்ள மாட்டார். இவையெல்லாம் எளியவை. இவற்றைவிடக் கடினமானது ஒன்று உண்டு. நெடுந்தொலைவு பயணம் செய்து, விடுப்பையும் பணத்தையும் செலவிட்டுச் சென்ற பிறகு, "இம்மாதம் கரை மூடப்பட்டிருக்கிறது" என்ற அறிவிப்புப் பலகையைக் காணும்போது, ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு, மூடியவர்களுக்கு மனத்துள் நன்றி சொல்லித் திரும்புவது. வீட்டாருக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்று ஏற்கும்போதுதான் நாம் மெய்யாகவே விருந்தினர் ஆகிறோம்.