அடிக்காத விரல்

மிருதங்கத்தில் முதல் பாடம் நான்கு சொல்: த, தி, தொம், நம். முதல் மூன்றும் சீக்கிரமே ஒருமாதிரி வந்துவிடும். நம் வராது. ஆள்காட்டி விரல் வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பில் மீட்ட வேண்டும். அந்நேரம் மோதிர விரல் நடுவே உள்ள கருப்புப் பூச்சான கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குழந்தைகள் அந்த விரலை அழுத்திவிடுவார்கள், இல்லையென்றால் தூக்கிவிடுவார்கள். அழுத்தினால் நாதம் அடைத்துப்போகும்; தூக்கினால் வேறு சொல்லாகிவிடும். பெற்றோர் அடிக்கும் விரலைப் பார்க்கிறார்கள். என் கண் மோதிர விரலில் இருக்கிறது.

*

வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் இயல்பாக ஒன்றோடொன்று இசைவதில்லை. நம் தோல்கருவிகளில் நடுவே ஏற்றும் கருப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் மிருதங்க வேலைக்காரர்கள் அதை அந்தக் கட்டுரைக்கு வெகுகாலம் முன்பே காதால் அறிந்திருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு. வாத்தியம் ஏற்கெனவே சுருதியோடுதான் இருக்கிறது. அதைக் கெடுக்காத கை வேண்டும்.

*

இடதுகைப் பழக்கமுள்ள பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். கையை மாற்றிவிடலாமா என்று அவள் அம்மா கேட்டார். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். அந்தப் பெயரைச் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

*

அலுவலகம் முடித்து வரும் நடுவயதுக்காரர் தன் விரல் மரத்துப்போனது என்று வருந்துகிறார். விரல் மெதுவாகத்தான் பழகும். ஆனால் முப்பது வருடம் கச்சேரி கேட்ட காது அவருடையது. பாட்டு எங்கே மூச்சு விடும் என்று அவருக்குத் தெரியும். எட்டு வயதுக் குழந்தையின் கை பறக்கிறது, பாட்டுதான் உள்ளே இல்லை. அவருக்குச் சொற்கட்டை வாயால் சொல்லப் பயிற்சி. குழந்தைக்கு வாரம் ஒரு கீர்த்தனை, கேட்பதற்கு மட்டும்.

*

ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, ஆக 32. 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை, மூன்று முறை சொன்னால் 15. மீதி 17. பதினேழு மாத்திரை விட்டு எடுத்தால் நேராகத் தாளம் தொடங்கும் சமத்தில் வந்து சேரும். கணக்கு எல்லோருக்கும் உடனே புரிகிறது. வாசிக்கும்போது பதினாறு முடிந்ததுமே எடுத்துவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது: அங்கே தாளத்தில் தட்டு விழுகிறது, அந்தத் தட்டோடு சேர்ந்து கையும் கிளம்பிவிடுகிறது. தட்டைப் போகவிட்டு ஒரு மாத்திரை சும்மா இருக்க வேண்டும். அந்த ஒன்றுக்குச் சில மாதங்கள் ஆகின்றன.

*

மேல்நிலை மாணவன். முத்தாய்ப்புக் கணக்குகளான மோராவும் கோர்வையும் கைநிறைய வைத்திருக்கிறான். தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். இன்று மெதுவான சௌக்க காலக் கீர்த்தனை ஒன்றை நான் பாடி, அவனை வாசிக்கச் சொன்னேன். ஒரு விநாடியைக்கூட அவன் காலியாக விடவில்லை. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாட்டுக்கு வாசித்த பதிவொன்றைக் கேட்டு, அவர் கையை எடுக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முத்தாய்ப்பாக வாசிக்கும் அறுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

சும்மா இருக்கும் இந்தப் பாடம் வாத்தியாருக்கும் பொருந்தும். மாணவன் இடறியதும் என் வாய் துருதுருக்கும், தொடையில் தாளம் போடும் கை நிற்கப் பார்க்கும். நிறுத்தினால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். நிறுத்தாமல் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் சமம் எங்கே விழுகிறது என்று தேடுவான். இரண்டு ஆவர்த்தனம் அலைந்துவிட்டுச் சேர்ந்துகொள்வான். அப்படித் தானே கண்டுபிடித்த இடம் அடுத்த வாரமும் அவனிடம் இருக்கிறது. நான் சொல்லித் திருத்தியதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.