ஆணி அடிக்கலாமா?

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா? சிரிக்காதீர்கள். இதைவிடப் பெரிய தர்மசங்கடம் எதையும் என் குடும்ப வாழ்க்கையில் நான் சந்தித்ததில்லை.

"என்ன வேணா பண்ணிக்குங்க தம்பி, ஆணி மட்டும் அடிக்கக் கூடாது." திருத்துறைப்பூண்டியில் நாங்கள் குடிபோன வீட்டின் ஓனரம்மா சொன்ன முதல் வாக்கியம் இது. வாடகை எவ்வளவு என்பதே அதற்கப்புறம்தான் வந்தது. 2015-ம் வருஷம். எனக்கு அங்கே நிருபர் வேலை. பழைய ஓட்டு வீடு. ஒரு பாதி அந்தம்மா, மறுபாதி நாங்கள். திண்ணை பொது. பின்னால் கொல்லை, அடிபம்பு, ஒரு முருங்கை மரம்.

பழைய வாடகை வீட்டுக்குள் நீங்கள் முதல் ஆளாக நுழைய முடியாது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏதாவது மிச்சம் வைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் பென்சிலால் பால் கணக்கு இருந்தது. ஒரு கோடு என்றால் அரை லிட்டர் போல. ஒரு மாதத்தில் திடீரென்று கோடுகள் இரட்டிப்பாகியிருந்தன. குழந்தை பிறந்திருக்கலாம், மாமியார் வந்திருக்கலாம். கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு இரும்பு வளையம். "ஆணி கூடாதுன்னீங்க, இது மட்டும்?" என்று கேட்டேன். "அது என் மாமியார் அடிச்சது" என்றார். அப்பீல் இல்லை.

என் மனைவி ஒரே மாதத்தில் அந்த வீட்டை மாற்றினாள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குக் கொசுவலை, பழைய சுங்கடிச் சேலையில் திரை. ஆணி அடிக்காமல் படம் மாட்ட, உத்தரத்திலிருந்து நைலான் கயிறு. சிவப்பு சிமென்ட் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினாள். பால் கணக்கு இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்க விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். மொத்தச் செலவு எட்டாயிரத்துச் சொச்சம்.

நான் பி.காம். அடுத்தவன் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவன் போடும் காசை, குத்தகைக் காலம் முடிவதற்குள் செலவாக எழுதித் தள்ள வேண்டும் என்று படித்தவன். எங்கள் ஒப்பந்தம் பதினோரு மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால், இந்தத் தேசத்தில் பாதிப் பேர் பதினோரு பதினோரு மாதமாகத்தான் வாழ்ந்தார்கள். ஆக, எங்கள் சுண்ணாம்பின் ஆயுள் பதினோரு மாதம். "யார் வீட்டுக்கோ எதுக்கு இவ்வளவு?" என்றேன். "நாம இருக்கிற நாளு யாருடையது?" என்று திருப்பிக் கேட்டாள். காமர்ஸில் இதற்குப் பதில் இல்லை.

பதினோராவது மாதம் ஓனரம்மா வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூக்கின் மேல் விரல் வைத்தார். "வீடு லெட்சணமா ஆயிடுச்சே தம்பி! அடுத்த மாசத்துலேருந்து ஐநூறு சேர்த்துக் குடுத்துடுங்க."

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் ஊகிக்கலாம். அழகாக்கியது நாங்கள். அந்த அழகுக்கு அபராதமும் நாங்களே கட்ட வேண்டுமா?

இது புது வழக்கு இல்லை. 19-ம் நூற்றாண்டு அயர்லாந்தில் இதுதான் தேசியப் பிரச்னை. குடியானவன் நிலத்தைப் பண்படுத்தினால் ஜமீன்தார் குத்தகையை ஏற்றுவார். அதனால் பல இடங்களில் யாரும் எதையும் பண்படுத்தவில்லை. வெளியேறுகிறவன் செய்துவைத்த மேம்பாட்டுக்கு ஈடு தர வேண்டும் என்று 1870-ல் சட்டமே போட்டார்கள்.

அயர்லாந்து எதற்கு? திருத்துறைப்பூண்டியிலேயே பி.சீனிவாச ராவின் நினைவிடம் இருக்கிறது. கன்னடத்துக்காரர். 1940-களில் தஞ்சை ஜில்லாவுக்கு வந்து, பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் திரட்டியவர். அந்தப் பண்ணையாட்களின் குடிசையை யோசித்துப் பாருங்கள். மண் குழைத்து, கீற்று முடைந்து, தங்கள் கையால் கட்டிய வீடு. தினம் சாணி தெளித்து மெழுகிய வாசல். ஆனால் கீழே இருக்கிற மனை மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால், 'மனையைக் காலி பண்ணு' என்று ஒரு வார்த்தை போதும். 1961-ல்தான் அவர்களைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே ராவ் இறந்தும் போனார். அந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வர 1971 ஆனது. பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல், குடியிருந்தது யார் என்று சட்டம் பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

என் ஐநூறு ரூபாய்ப் புலம்பலை இதோடு ஒப்பிடுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வாடகை கேட்பதற்கு முன்பே 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டுக் கதவைச் சாத்துகிற தெருக்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆணி அடிக்கலாமா என்ற கேள்விவரைக்கும்கூட வந்துசேர முடியாதவர்கள் எத்தனை பேர்! எனக்கு வீடு சுலபமாகக் கிடைத்ததற்கு என் சம்பளம் மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது நியாயமில்லை.

சரி, ஐநூறுக்கு வருகிறேன். சண்டை போடுவது என்று தீர்மானித்துத் திண்ணைக்குப் போனேன்.

"சுண்ணாம்பு நாங்க அடிச்சதும்மா."

"தெரியும் தம்பி. அடிமனை வாடகையை ஏத்திட்டாங்க. நான் எங்கே போவேன்?"

அப்போதுதான் விளங்கியது. சுவரும் ஓடும் அந்தம்மாவுடையது. தரை கோயிலுடையது. டெல்டா ஊர்களில் இப்படி எத்தனையோ தெருக்கள் உண்டு. மூன்று தலைமுறையாகக் கட்டி, இடித்து, கல்யாணம் செய்து, எழவு எடுத்தாலும், மனைக்கு வாடகை சாமிக்குத்தான். நான் யாரை வீட்டுக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தேனோ, அவரும் என்னை மாதிரி ஒரு குடித்தனக்காரர். "சாமி காலி பண்ணச் சொல்லாதுங்கற தைரியம்தான்" என்று சிரித்தார்.

இருநூற்றைம்பதுக்கு இறங்கினோம். நியாயம் அங்கேதான் இருந்ததா என்றால், எனக்கு இன்னும் நிச்சயமில்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைப் பின்னாளில் படித்தேன். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது குடித்தனக்காரர் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். தரையை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது யார் பொறுப்பு என்று அதில் இல்லை.

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தலைக்கு மேல் ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தன. நடுச்சாமத்திலேயே அந்தம்மா எங்கள் பக்கம் வந்துவிட்டார். தொட்டில் வளையம் இருந்த உத்தரத்துக்குக் கீழே மூவரும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் கூரை பலமாக இருந்தது. விடிந்து பார்த்தால் முருங்கை இல்லை. சுண்ணாம்பு கரைந்து சுவர் முழுக்கக் கோடுகோடாக வழிந்திருந்தது. பால் கணக்கு மட்டும் ஏனோ தப்பித்திருந்தது.

கரண்ட் வரப் பல நாளாகும் என்றார்கள். மறுபடி மழை வரும் என்றும் சொன்னார்கள். எங்கேயோ அலைந்து ஒரு தார்ப்பாய் வாங்கிவந்தேன். கயிற்றில் கட்டினால் காற்றுக்கு நிற்கவில்லை. ஏணியில் ஏறி, என்ன செய்வது என்று தெரியாமல் கீழே பார்த்தேன்.

அந்தம்மா உள்ளே போய் ஒரு சுத்தியலும், பழைய பேப்பரில் மடித்த பொட்டலமும் எடுத்துவந்தார்.

"ரெண்டு இஞ்ச் ஆணியாத்தான் இருக்கு தம்பி. போதுமா?"