கண்டதும் கொண்டதும்

2010-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஃபிரஸ்னோ நகரில், பழம்பொருள் கடையொன்றில் ஒருவர் மூன்று பழைய புகைப்படங்களை 2 டாலருக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்றில், மரவீடு ஒன்றின் முன்னே சிலர் ‘குரோக்கே’ என்னும் பந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். அந்தச் சிறிய படத்தை உருப்பெருக்கி நோக்கியபோது, ஓர் இளைஞனின் முகம் அவரைத் திடுக்கிடச் செய்தது. 1881-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ‘பில்லி தி கிட்’ என்னும் பெயர்பெற்ற குற்றவாளியின் முகமாக அது அவருக்குத் தோன்றியது!

ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடந்தது. 2015-இல் அப்படம் 50 லட்சம் டாலர்வரை மதிப்பிடப்பட்டது. வரலாற்றறிஞர் பலரோ அவன் பில்லி அல்லன் என்று மறுத்தனர்.

படத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே தகடு, அதே முகங்கள். ஒரு பெயர் ஏறியது. 2 டாலர் 50 லட்சமாயிற்று. முன்பு கண்டதன் நினைவை வேறொன்றின்மீது ஏற்றிக் காண்பதை ‘அத்யாசம்’ என்கிறது அத்வைத வேதாந்தம். கயிற்றில் பாம்பைக் காண்பது அச்சத்தால் மட்டுமன்று, ஆசையாலும் நிகழும். சிப்பியில் வெள்ளியைக் காண்பவன் அஞ்சியா காண்கிறான்?

பில்லியின் படம் என்று ஐயமின்றி ஏற்கப்பட்ட மற்றொன்று உண்டு. 2011-இல் அது 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அப்படத்தில் அவனுடைய கைத்துப்பாக்கி இடப்புறம் தொங்கியதால், அவன் இடக்கைப் பழக்கமுடையவன் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்நம்பிக்கையையே தலைப்பாக்கி 1958-இல் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. ஆனால் அக்காலத்து இரும்புத் தகட்டுப் படங்கள், கண்ணாடியைப்போல வலத்தை இடமாகக் காட்டுபவை. அவன் கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியே இதற்குச் சான்று. தோட்டா நிரப்பும் வாயில் அவ்வகைத் துப்பாக்கியில் வலப்புறம் இருக்கும். படத்திலோ இடப்புறம் காணப்படுகிறது. படம் பொய் சொல்லவில்லை. படத்தின் இயல்பை அறியாதவர்களே பிழைபட்டனர்.

அறியாமையால் விளைந்த பிழையை ஆராய்ச்சி நீக்கிவிடும். ஆசையால் விளையும் பிழையோ ஆராய்ச்சியையே தனக்கு ஏவலாளாக்கிக் கொள்ளும். ‘ஆசை இல்லையேல் தேடல் ஏது?’ என்று கேட்கலாம். தேடத் தூண்டும் ஆர்வம் வேறு. விடையை முன்னரே முடிவுசெய்துவிடும் ஆசை வேறு. முன்னது, ‘இவன் யார்?’ என்று கேட்கும். பின்னது, ‘இவன் அவனாகவே இருக்கட்டும்’ என்று வேண்டும். விவேகத்துடன் வைராக்கியத்தையும் சாதகனுக்கு நம் சாஸ்திரங்கள் விதித்தது இதனாலன்றோ?

இன்னும் ஒன்று எஞ்சுகிறது. அந்த இளைஞன் பில்லி அல்லன் என்றே கொள்வோம். அப்போதும் அவன் ஒரு தாயின் மகன். பெயர் தெரியாத நண்பர்களோடு ஒருநாள் மகிழ்ந்து விளையாடியவன். கொலையாளியாக இருந்தால் 50 லட்சம், எளிய மனிதனாக இருந்தால் 2 டாலர் என்பது சந்தையின் கணக்கு. அதையே நாமும் நம் கணக்காகக் கொள்ளலாமா? நாள்தோறும் சந்திக்கும் முகங்களின்மீதும் பதவி, குலம், செல்வம் எனப் பெயர்களை ஏற்றியே மதிப்பிடுகிறோம். ஏற்றியதை இறக்கிவைத்துவிட்டு உள்ளதை உள்ளபடி காண்பதே அறிவு. எதிரே நிற்கும் மனிதனுக்கு நாம் செய்யும் முதல் மரியாதையும் அதுவே.