நியாயமான பாரம்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்துக்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் வகுத்திருக்கிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றும் இறுதியானதும் கொடுமை என்பதைச் சிறு குழந்தையும் உணரும். நான்காவது மட்டும் நம் கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றுவதில்லை. வண்டிமாடும் பொதிகழுதையும் அருகிவிட்ட இந்நாளில் அது பழங்காலத்து விதி என்று எண்ணிக் கடந்து விடுகிறோம். அவ்வாறு கடந்துவிடலாகாது என்பதற்கு இமயமலைப் பாதை ஒன்று தக்க சான்றாக இருக்கிறது.

நேபாள நாட்டில் 2,860 மீட்டர் உயரத்தில் லுக்லா என்னும் சிற்றூர் உள்ளது. சிறு விமானங்கள் வந்திறங்கும் அவ்வூரிலிருந்து எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாமுக்குக் கால்நடையாகச் செல்வோர் பலர். பாக்டிங், நாம்சே, தெங்போச்சே, திங்போச்சே, லோபுச்சே, கோரக்ஷேப் எனும் இடங்களைக் கடந்து, 5,364 மீட்டர் உயரத்திலுள்ள முகாமை அடைய வழக்கமாக எட்டு நாட்கள் ஆகும். திரும்பி வர மூன்று நான்கு நாட்கள். மெலிந்த காற்றுக்கு உடல் பழகும்பொருட்டு நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாகத் தங்குவர். முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இப்பாதையில் நடக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் சிகரத்தின் உச்சியையே அடைந்து, எவரெஸ்ட் ஏறிய தமிழ்நாட்டின் முதற்பெண் என்னும் சிறப்பைப் பெற்றார். மகிழ வேண்டிய செய்தி. அச்சாதனை முழுமையும் அவருடைய உழைப்பின் பயன் என்பதில் ஐயமில்லை. நான் இங்கே எழுப்பும் வினா அத்தகையோரைப் பற்றியதன்று. விடுமுறையில் அடிவாரம் வரை நடந்துவர விரும்பும் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்தாரைப் பற்றியது.

மலை ஏறுவதே தகுமா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். திசைவிரதம் ஏற்ற சிராவகர் மேல், கீழ், பக்கம் எனும் திசைகளில் தாம் வகுத்துக்கொண்ட எல்லையைத் தாண்டலாகாது. மலையேறுவது மேல்திசை எல்லையைக் கடப்பதற்கு உதாரணமாக உரையாசிரியரால் காட்டப்படுகிறது. அவ்விரதம் பூண்டவர்க்கு அந்த விடை போதும். பூணாதவர்க்கு என் வினா இது: நாம் ஏறும்போது நம் சுமையை ஏற்றிச் செல்பவர் யார்? அவர்மேல் நாம் வைக்கும் பாரம் எவ்வளவு?

லுக்லாவுக்கு மேல் மோட்டார் வண்டி செல்லும் சாலை இல்லை. அங்கே அரிசி, பருப்பு, எரிவாயு உருளை, ஒட்டுப்பலகை, தகரம், குடிநீர்ப் புட்டி ஆகியவற்றைக் கோவேறு கழுதையோ, காளைக்கும் யாக் பசுவுக்கும் பிறந்த கலப்பினக் காளையோ, மனிதனோ முதுகில் சுமந்தாக வேண்டும். ஹெலிகாப்டர் வரவு ஒரு பகுதிதான். சுமையாளர் மூங்கிற் கூடையில் பொருளை அடுக்கி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்த வண்ணம் ஏறுவர். கூடைக்குத் தோக்கோ என்றும் பட்டைக்கு நாம்லோ என்றும் பெயர். கையில் குறுந்தடி ஒன்று இருக்கும். மூச்சு வாங்கும்போது அதைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவர்.

நாம்சேயை நோக்கிச் செல்லும் இச்சுமையாளர்களை ஆராய்ந்த அறிவியலார் சிலர் தம் முடிவுகளை 2005-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தனர். ஆண்களில் ஐவரில் ஒருவர் தம் எடையில் 125 விழுக்காட்டுக்கும் மேல் சுமந்தார். வகுப்பறைக் கணக்காகச் சொன்னால், 56 கிலோ எடையுள்ள ஒருவர் 70 கிலோவைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான மலைவழியில் நாட்கணக்கில் நடக்கிறார். வளர்ந்த ஓர் ஆண் மகன் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது நினைவுகூரத் தக்கது.

அதே ஆய்வு மற்றொன்றையும் கூறியது. இவர்கள் வேறெவரினும் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு அவ்வளவையும் சுமக்கிறார்கள் என்பதே அது. இதைப் படிப்பவர் வியப்பர். வியப்போடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அவரால் முடிகிறது, ஆகவே அது பிழையன்று என்று மனம் எளிதில் முடிவு கட்டிக்கொள்ளும். நம் நூல்களோ அவ்வாறு கூறவில்லை. சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாத ஆசாரியர், நியாயமான பாரத்துக்கு மேற்பட்டதைச் சுமக்கச் செய்வதே அதிசாரம் என்று விளக்குகிறார். சுமப்பவரது வலிமையை அவர் அளவுகோலாக வைக்கவில்லை, நியாயத்தை வைத்தார். சுமக்க இயல்வது வேறு, சுமத்தத் தகுவது வேறு. முன்னது தாங்குபவரின் உடலைப் பற்றியது. பின்னது ஏற்றுபவரின் அறத்தைப் பற்றியது. இவ்வேறுபாடு தெளிந்தால் நான்காம் அதிசாரம் ஏன் விரதத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பது விளங்கும்.

இதற்கு எதிராக மூன்று சமாதானங்கள் கூறப்படுவதுண்டு.

அவர்கள் மலைவாசிகள், பழகியவர்கள் என்பது முதலாவது. சுமையாளர் அனைவரும் உயர்மலையில் வாழும் ஷெர்ப்பா இனத்தவர் அல்லர். ராய், தமாங், மகர் முதலிய இனத்தவராய்த் தாழ்ந்த மலைப்பகுதிகளிலிருந்து கூலிக்கு வருவோர் பலர். உயரத்தால் வரும் தலைவலியும் மூச்சடைப்பும் நுரையீரலில் நீர் கோத்தலும் நமக்கு வருவது போலவே அவர்களுக்கும் வரும். நம்மிடம் கனத்த கம்பளிச் சட்டையும் மருந்தும் உண்டு. அவர்களுள் பலரிடம் அவை இருப்பதில்லை.

அவர்களே ஒப்புக்கொண்டுதானே சுமக்கிறார்கள் என்பது இரண்டாவது. கடைச் சரக்குச் சுமப்போர்க்குக் கூலி கிலோக் கணக்கில் தரப்படுகிறது. வீட்டில் பசித்திருக்கும் பிள்ளைகளை நினைப்பவன் பத்துக் கிலோவைத் தானே கூட்டிக்கொள்வான். அதனால் நாம் நீங்கியவர் ஆவோமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பது நம் சமயத்தின் அடிப்படைப் பாடம். தன் பையைத் தானே சுமந்து நடப்பவரும் இதிலிருந்து முற்றும் விடுபட்டவர் அல்லர். விடுதியில் அவர் கேட்டு வாங்கும் புட்டி நீரும் யாரோ ஒருவர் நெற்றிப் பட்டையில் தொங்கி வந்ததே.

நாம் கூலிக்கு அமர்த்தாவிட்டால் அவர்கள் பிழைப்பு என்னாகும் என்பது மூன்றாவது. மூன்றனுள் இதுவே கனமுள்ள சமாதானம். இதற்கு நம் நாட்டு வரலாற்றில் விடை உண்டு. தமிழ்நாட்டில் மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கைரிக்‌ஷா 1973-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களைத் தெருவில் விட்டுவிடாமல் அவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா தரப்பட்டது. பாரத்தைக் குறைப்பதும் பிழைப்பைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதை அது காட்டிற்று. அணுவிரதம் என்பதும் முற்றும் துறத்தல் அன்று, அளவு செய்தல். சுமையாளரை அமர்த்தாதே என்று விரதம் கூறவில்லை. அளவோடு அமர்த்து என்கிறது.

அளவு எது? உலக அளவில் இதற்கென உழைக்கும் சுமையாளர் பாதுகாப்புக் குழு ஒன்று 1997-இல் தோன்றியது. நடைப்பயணிகளின் பொருளைச் சுமப்பவருக்கு நேபாளத்தில் 30 கிலோ என்பதை அது எல்லையாகக் கூறுகிறது. குளிருக்குரிய உடையும் காலணியும், இரவில் தங்க இடமும் உணவும், நோயுற்றால் பயணிக்குத் தருவதற்கு ஒப்பான மருத்துவமும் வேண்டும். நோயுற்ற சுமையாளரைத் தனியே கீழே அனுப்பிவிடக் கூடாது என்பன அதன் பிற நெறிகள். இக்குழுவினர் நம் சூத்திரத்தைப் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் பாரம், உணவு எனும் நான்காம் ஐந்தாம் அதிசாரங்களையே அவர்கள் தொட்டிருக்கிறார்கள்.

என்னிடம் பயின்று, இன்று தானும் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் அப்பாதையில் சென்று வந்தாள். வேங்கிக்காலில் என் இல்லத்துக்கு வந்து படங்களைக் காட்டினாள். பனிமலைகளைப் பார்த்தபின், பையைச் சுமந்தவரின் படம் உண்டா என்று கேட்டேன். இருந்தது. “டீச்சர், லுக்லாவில் ரெண்டு பேர் பையைச் சேர்த்துக் கட்டினார்கள். தூக்கிப் பார்த்தேன், எனக்கு முழங்காலுக்கு மேல் எழவில்லை. நாம்சேயில் பையைப் பிரித்து நாலு கிலோவை விடுதியிலேயே வைத்துவிட்டேன். கடைசி வரை அதில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை” என்றாள். அந்த நான்கு கிலோவில் என்ன இருந்தது என்று கேட்டேன். மாற்றுச் செருப்பு, இரண்டாவது சால்வை, தின்பண்டம், முகப்பூச்சு என்று சிரித்துக்கொண்டே பட்டியலிட்டாள். பரிக்கிரகத்தை அளவு செய்தல் ஐந்தாவது அணுவிரதம். நமக்கு மிகையான பொருள் பிறர் முதுகில் பாரமாகிறது என்பதால் முதல் விரதமும் ஐந்தாம் விரதமும் ஒரே பைக்குள் கலந்து கிடப்பதை அன்று கண்டேன்.

இமயம் வரை போகாதவர்க்கும் இதில் பங்குண்டு. இருபது தீர்த்தங்கரர் முக்தி எய்திய சம்மேத சிகர்ஜிக்கு நாம் அனைவரும் ஒருமுறையேனும் செல்ல ஆசைப்படுகிறோம். ஏறி, வலம் வந்து, இறங்க 27 கிலோமீட்டர். எழுபதைக் கடந்த என் போன்றோர்க்கு டோலியன்றி வழியில்லை. அங்கே சுமை பையன்று, நாமே சுமை. தோள் கொடுத்துத் தூக்கும் அவர் முகத்தைப் பார்க்கிறோமா? அவர் இறக்கி வைக்க விரும்பும் இடத்தில் இறக்க விடுகிறோமா, நேரமாகிறது என்று விரட்டுகிறோமா? நம் எடைக்குப் போதிய ஆட்கள் தோள் கொடுக்கிறார்களா, அல்லது செலவு மிச்சம் என்று ஆளைக் குறைத்துவிட்டோமா? பேசிய கூலியில் இறங்கியபின் பேரம் பேசுகிறோமா? தீர்த்த யாத்திரையின் புண்ணியம் இவ்வினாக்களுக்கு நாம் தரும் விடையையும் பொறுத்தது. நம் முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும் தாங்கித் தம் கால்களால் நாடெங்கும் நடக்கிறார்கள். எவர் தோளிலும் ஏறாத அந்நடை நமக்கு இயலாது எனினும், திசை காட்டும்.

உயரங்கள் நினைவில் நிற்கின்றன, சுமந்தவர் நிற்பதில்லை. இமயச் சிகரத்தை அளக்க உதவிய பெருநிலஅளவை 1802-இல் சென்னையில், பரங்கிமலை அருகே தொடங்கிற்று. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானிக் கருவியைத் தமிழ்நாட்டு மலைகளிலும் கோபுரங்களிலும் ஏற்றியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அளவைத் தலைவராக இருந்த எவரெஸ்டின் பெயர் 1865-இல் சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. 1953 மே 29 அன்று ஹிலாரியோடு உச்சியில் நின்ற டென்சிங், 1935-ஆம் ஆண்டுப் பயணத்தில் சுமையாளராகவே தம் மலைவாழ்வைத் தொடங்கியவர். அவரைப் போல் பெயர் பெற்றவர் மிகச் சிலர். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்தபோது மாண்ட 16 பேரும், பிறர் ஏறுவதற்காக உழைத்துக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளரே.

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள். இரு கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்திய அம்மேடை, தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து, மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அமைந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். நேபாள மலைப்பாதைகளிலும் அரச மர ஆல மர நிழலில் சௌதாரி என்னும் கல்மேடைகள் அதே நோக்கத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. இரு நாட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றதாகத் தெரியவில்லை. சுமப்பவரின் கழுத்து வலியைக் கண்டவர் எங்கிருந்தாலும் ஒரே கல்லைத்தான் நட்டிருப்பார்.

இனி நம் இல்லத்துப் பிள்ளைகள் மலைக்குப் புறப்படும்போது பெரியவர்கள் செய்யத் தக்கது ஒன்றுண்டு. கம்பளி எடுத்தாயா, மருந்து எடுத்தாயா என்று கேட்பதோடு, பையை ஒருமுறை தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உன் பையைச் சுமப்பவர் மொத்தம் எத்தனை கிலோ தூக்குவார், இரவில் எங்கே படுப்பார் என்று பயண ஏற்பாட்டாளரைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள். விடை சரியாக வராவிட்டால் வேறொருவரைத் தேடச் சொல்லுங்கள்.