பழையது என்று சொல்வது

சென்ற வருடம் காரைக்குடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் கணக்குப்பிள்ளை மேசை ஒன்று வாங்கினேன். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கான, சாய்வான மூடி போட்ட மேசை. "பர்மா தேக்கு சார், நூத்திருபது வருஷம்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "எங்க தாத்தா கணக்கு எழுதினது இப்படி ஒண்ணுலதான்டா" என்றார். அன்றிலிருந்து பால் கணக்கை அதில்தான் எழுதுகிறார்.

மூன்று மாதம் கழித்து, தளர்ந்த கீல் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே பிளஸ் தலை ஸ்க்ரூ. அது 1930களில்தான் சந்தைக்கே வந்தது. சரி, யாராவது ஆசாரி பழுது பார்த்திருக்கலாம். ஆனால் அப்படியென்றால் பழைய துளையின் தடம் இருக்கவேண்டும். இல்லை. வேலைப் பழக்கம், பிழை தேடுவதுபோலத் தேட ஆரம்பித்தேன். பழைய டிராயரின் உட்புறம் பெரும்பாலும் வெளிறிக் காய்ந்து கிடக்கும். யாரும் பார்க்காத இடத்துக்கு யார் சாயம் பூசப்போகிறார்கள்? இதில் உள்ளேயும் அடியிலும் ஒரே பழுப்பு. மூலையில் பலகைகள் விரல் கோர்த்ததுபோல் இணையும் பற்கள் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. கையால் அறுத்தால் கொஞ்சமாவது பிசகும். தேய்மானமும் நான்கு மூலையிலும் சமமாக. எழுதுகிறவரின் கை ஒரு பக்கம்தான் அதிகம் உரசும்.

ஒவ்வொரு சாட்சியும் தனியாகப் பார்த்தால் வலுவில்லாதது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டியபோது ஒத்துக்கொண்டேன்: இது புதுசு.

என் தொழிலில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் அசலும் நகலும் பிட்டுக்குப் பிட்டு ஒன்றே. அதனால் முதலில் தோன்றியது இதுதான்: மேசை உறுதியாக இருக்கிறது, அப்பா சந்தோஷமாக இருக்கிறார், என்ன போயிற்று?

அமெரிக்கச் சிற்பி ஆர்மண்ட் லாமொண்டேன் நிபுணர்களையே ஏமாற்றிக் காட்ட, 1969இல் பதினேழாம் நூற்றாண்டு பாணியில் ஒரு நாற்காலி செய்தார். கை மாறிப்போன அதை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,000 டாலருக்கு வாங்கியது. பிறகு அவரே உண்மையைச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தால், துளைகள் நவீன துரப்பணத்தால் போட்டவை. நாற்காலியில் ஒரு செதில்கூட மாறவில்லை. ஆனால் அதைப் பார்த்து அந்தக் காலத்துத் தச்சன் எப்படி வேலை செய்தான் என்று எழுதியிருந்தால், எழுதியது முழுக்கத் தப்பு. பழைய பொருள் ஒரு சாட்சி. அழகு, உறுதியையெல்லாம் நகல் தந்துவிடும். சாட்சி சொல்ல அதனால் முடியாது.

நகல் செய்வது குற்றமில்லை. நகல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான தச்சுவேலை. பொய் மரத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. என்னை உறுத்தியதும் அதுதான். ஒருநாள் அப்பா என் மகளிடம், "இந்தத் தேய்மானத்தைப் பாரு, எத்தனை பேர் கை பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் பொய் இப்போது அப்பாவின் வாயில். தெரிந்தும் நான் பேசாமலிருந்தால் அது என்னுடையதும்தான்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மரமாவது தேக்குதானே?" என்றார்.

"தேக்குதாம்ப்பா."

மறுநாளும் அதில்தான் பால் கணக்கு எழுதினார். ஆனால் தாத்தா பேச்சை எடுக்கவில்லை. சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கதைகள் நின்றுபோனது மட்டும் வருத்தமாகவே இருக்கிறது.